கயிலை யாத்திரையும் மலைநோயும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நாம் தரைமட்டத்து மக்கள். கல்லடிப் பாலத்தில் நின்று நாற்றிசையும் நோக்கினால் நீரும் தென்னையும் வயல்வெளியுமே கண்ணுக்குத் தெரிகின்றன. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் சென்றாலும், கடல்மட்டத்துக்கு மேல் பெரியதோர் ஏற்றத்தை நம் கால்கள் அறிவதில்லை. மலை என்று சொன்னால் நம் நினைவுக்கு வருவன நுவரெலியாவும் சிவனொளிபாதமலையுமே. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இலங்கையின் தலைச்சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரமும் 2,524 மீற்றர்தான்.

இவ்வளவுகளை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. உயரமான இடங்களுக்குச் செல்வோரைப் பற்றும் ‘மலைநோய்’ என்னும் பிணி பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். நம் தீவின் உச்சிச் சிகரமே அந்நோயின் வாசற்படி அளவுதான் என்பது இதனால் விளங்கும். ஆகவே நம் முன்னோர்க்கு இந்நோயைப் பற்றிய பழக்கம் இல்லை. நம் பாட்டிமாரின் கைவைத்தியத்தில் இதற்கு மருந்தும் இல்லை. பாம்புக்கடியையும் சுரத்தையும் கண்டால் நாம் அஞ்சுகிறோம், அவற்றை அறிவோம். அறியாத நோய்க்கு அஞ்சத் தெரிவதில்லை.

முன்னாளில் இந்த அறியாமையால் கேடொன்றும் விளையவில்லை. இந்நாளிலோ நிலைமை வேறு. கயிலாயம், மானசரோவர், முக்திநாதம், அமர்நாதம் என்னும் திருத்தலங்களுக்கு இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சைவ அன்பர்கள் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். தமிழ்நாட்டு அரசு 2012ஆம் ஆண்டில் மானசரோவருக்கும் முக்திநாதத்துக்கும் செல்லும் யாத்திரிகர்க்கு நிதியுதவித் திட்டமொன்றையும் அறிவித்தது. உத்தியோகத்தில் ஓய்வுபெற்றபின், சேமித்த பணத்தைக் கொண்டு, தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கயிலையைக் கண்டுவிட வேண்டுமென விழைவோர் நம் வீடுகளிலும் உளர். அவர்களை வழியனுப்பும் மக்களும் மருமக்களும் கம்பளிச் சட்டை, காலணி, மாத்திரை எல்லாம் வாங்கிக் கொடுக்கின்றனர். ஆனால் அம்மலைவெளியில் உயிரைக் கவரக்கூடிய நோய்கள் இரண்டு உள்ளன என்பதைச் சொல்லி அனுப்புவோர் சிலரே.

காற்று மெலிவது எவ்வாறு?

“மலையுச்சியில் ஒட்சிசன் இல்லையா, சேர்?” என்று நம் மாணவர் வகுப்பில் கேட்பதுண்டு. ஒட்சிசன் அங்கும் உண்டு. காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஒட்சிசன் என்னும் கணக்கு கல்லடியிலும் ஒன்றே, கயிலையிலும் ஒன்றே. மாறுவது வளிமண்டல அமுக்கம். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் பாரம் கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசத்தை உயர்த்தவல்லது. மேலே செல்லச் செல்லப் பாரம் குறைகிறது, காற்றும் ஐதாகிறது. ஏறக்குறைய 5,500 மீற்றர் உயரத்தில் அமுக்கம் பாதியாகிவிடும்.

மானசரோவர் ஏரி ஏறக்குறைய 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. கயிலையை வலம்வருவோர் கடக்கவேண்டிய டோல்மா கணவாயின் உயரம் 5,600 மீற்றருக்கும் மேல். வாவிக்கரையில் ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் ஒட்சிசனை நூறு பங்கு என்று கொண்டால், ஏரிக்கரையில் அறுபதுக்கும் குறைவாகவும், கணவாயில் ஐம்பதளவாகவும் கிடைக்கும். ஏரிக்கரையில் தண்ணீர் ஏறக்குறைய 85 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே பருப்பு வேகுவதற்கும் நேரம் மிகும்.

இக்குறையைச் சமாளிக்க உடம்புக்குத் தெரியும். மூச்சு விரைவாகிறது, சிறுநீரகம் குருதியின் தன்மையைச் சிறிது மாற்றுகிறது, நாட்செல்லச் செங்குருதிக் கலங்கள் பெருகுகின்றன. இதனை இசைவாக்கம் என்பர். ஆனால் இது ஒரு பகலில் முடியும் காரியமன்று. நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் நடைபெறுவது. அந்த அவகாசத்தைக் கொடாமல் விரைந்து ஏறுவோரையே நோய் பற்றுகிறது.

நோயின் மூன்று வடிவங்கள்

முதலாவது, சாதாரண மலைநோய். உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலையிடி தொடங்கும். பசியின்மை, ஓங்காளம், சோர்வு, தலைச்சுற்று, உறக்கமின்மை ஆகியன தொடரும். அந்த உயரத்திலேயே தங்கி ஓய்வெடுத்தால் இரண்டொரு நாளில் பெரும்பாலோர்க்கு நீங்கிவிடும். இது உயிர்க்கொல்லியன்று, இயற்கை விடுக்கும் எச்சரிக்கை. எச்சரிக்கையை மதியாமல் மேலும் ஏறுவோர்க்கே பெரும்பாலும் அடுத்த கேடு வருகிறது.

இரண்டாவது, மூளை வீக்கம். ஒட்சிசன் குறைவினால் மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, மூளை வீங்குகிறது. நோயாளி தள்ளாடுவார், பேச்சுக் குழறும், கேட்ட கேள்விக்குப் பொருந்தா விடை சொல்வார், சட்டைப் பொத்தானைப் பூட்டவும் தெரியாமல் விழிப்பார். பின்னர் உறக்கம் போன்ற மயக்கம் வரும். கவனியாது விட்டால் ஒரு நாளுக்குள்ளேயே மரணம் நேரலாம். இதனைக் கண்டறிய எளிய சோதனையொன்று உண்டு. வயல் வரம்பில் நடப்பதுபோல், ஒரு குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லவேண்டும். நம்மவர்க்கு வரம்பு நடை பழக்கமானதே. அதில் தடுமாறுவாராயின், களைப்பு என்றோ குளிர் என்றோ காரணம் கற்பித்துக்கொண்டிருக்கலாகாது.

மூன்றாவது, நுரையீரலில் நீர் கோத்தல். மலைநோயால் மாள்வோரில் மிகப் பலரைக் கொல்வது இதுவே. ஒட்சிசன் குறைந்தவிடத்து நுரையீரலின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. எல்லாப் பகுதியும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. சுருங்காத பகுதிகளில் குருதி மிகுந்த அமுக்கத்தோடு பாய, மெல்லிய சுவர்களூடாக நீர் கசிந்து காற்றறைகளை நிரப்புகிறது. வறட்டிருமல் முதற்குறி. பின்னர் இருந்த இடத்தில் இருக்கும்போதே மூச்சு வாங்கும்; படுக்க முடியாது; உதடும் நகமும் நீலம் பாரிக்கும்; இருமினால் நுரையும், சிலவேளை இளஞ்சிவப்பு நிறமான சளியும் வரும். பூரணை இரவில் துடுப்பின் முனையில் காதை வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்பது நம் வாவியோரத்து வழக்கம். அதுபோல நோயாளியின் முதுகில் காதை வைத்துக் கேட்டால், உள்ளே நீர் களகளப்பது கேட்கக்கூடும்.

இந்நோய் பெரும்பாலும் புதிய உயரத்தை அடைந்த இரண்டாம் இரவில் தோன்றும். சிறிது காய்ச்சலும் இருக்குமாதலால், ‘குளிர் பிடித்துவிட்டது’ என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துப் படுக்கவைப்பர். உண்மையிற் செய்யவேண்டியது நோயாளியைக் கீழே இறக்குவது. சிகிச்சை பெறாதோரில் பாதிப்பேர்வரை இறக்கக்கூடும் என வைத்திய நூல்கள் கூறுகின்றன.

வைத்தியர்கள் கற்ற பாடம்

இந்நோயின் இயல்பை உலகம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. 1891ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில், ஜாக்கொத்தே என்னும் இளம் வைத்தியர் ஏறக்குறைய 4,300 மீற்றர் உயரத்திலிருந்த குடிசையில் தங்கினார். நோய் கண்டபோது கூட இருந்தோர் இறங்குமாறு வேண்டினர். உயரத்தின் விளைவைத் தம் உடம்பிலேயே ஆராயலாம் என்று கருதி அவர் மறுத்துவிட்டார், அங்கேயே உயிர்நீத்தார். உடலைச் சோதித்தபோது நுரையீரலில் நீர் கோத்திருந்தது தெரியவந்தது. வைத்தியம் கற்றவரையும் இந்நோய் ஏமாற்றியது என்பதை வாசகர்கள் மனங்கொள்ளுதல் வேண்டும்.

அதன்பின்னும் பல்லாண்டுகள் இதனைச் சளிச்சுரம் என்றும் இருதய நோய் என்றும் எண்ணி வந்தனர். பெரு நாட்டு வைத்தியர்கள் ஸ்பானிய மொழியில் எழுதியவை பிறநாட்டார் கண்ணிற் படவில்லை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரும் மலையேறியுமான சாள்ஸ் ஹியூஸ்டன் எழுதிய கட்டுரையே இந்நோயை ஆங்கிலம் வழங்கும் உலகுக்கு அறிமுகஞ் செய்தது.

இரண்டே ஆண்டுகளில் பெரிய சோதனை வந்தது. 1962ஆம் ஆண்டு இந்திய சீனப் போரின்போது, சமவெளியிலிருந்த இந்தியப் போர்வீரர்கள் இமயத்தின் உயரங்களுக்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்டனர். பகைவரின் குண்டு படாமலே பலர் மூச்சுத் திணறி வீழ்ந்தனர். இந்திய இராணுவ வைத்தியர் இந்தர் சிங்கும் அவருடைய துணைவர்களும் மலைநோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் ஆதார நூலாக விளங்குகிறது. அப்படிப் பெற்ற அனுபவத்தின் பயனாக, இன்று அந்த இராணுவம் தன் வீரர்க்குக் கண்டிப்பான விதி வகுத்துள்ளது. 2,700 மீற்றருக்கு மேல் ஆறு நாள், 3,600 மீற்றருக்கு மேல் நான்கு நாள், 4,500 மீற்றருக்கு மேல் நான்கு நாள் என, மொத்தம் பதினான்கு நாள் பழகிய பின்பே உயர்ந்த காவலிடங்களில் அவர்கள் பணிபுரியலாம். உடலுறுதி வாய்ந்த இருபது வயது வாலிபர்க்கே பதினான்கு நாள் வேண்டுமாயின், அறுபது வயது யாத்திரிகர்க்கு எத்தனை நாள் வேண்டும்?

யாத்திரிகரைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. நேபாளத்தில் 4,300 மீற்றர் உயரத்தில் கோசாயின்குண்டம் என்னும் ஏரி இருக்கிறது. ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான் தன் கண்டத்தின் வெப்பந் தணிய உண்டாக்கிய தீர்த்தம் என்பது ஐதிகம். ஆவணித் திருநாளில் ஆயிரக்கணக்கானோர் இரண்டொரு நாளில் அங்கே ஏறிவிடுவர். நேபாள வைத்தியர் புத்த பஸ்நியாத்தும் பிறரும் அங்கு வந்த 228 பேரைப் பரிசோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 68 பேர்க்கு மலைநோய், 31 பேர்க்கு மூளை வீக்கத்தின் அறிகுறி, 5 பேர்க்கு நுரையீரலில் நீர். பக்தி மேலீட்டால் தள்ளாடுகின்றனர் என்று பார்ப்போர் எண்ணியிருக்கக் கூடியவர்களுள் எத்தனை பேர் நோயினால் தள்ளாடினர் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

கால்நடையும் ஆகாய வழியும்

காரைதீவில் 1892இல் பிறந்து, நம் வாவிக்கரைக்குக் கல்விச்செல்வம் அளித்த விபுலாநந்த அடிகளார் 1937ஆம் ஆண்டில் திருக்கயிலாய யாத்திரை மேற்கொண்டவர். அக்காலத்தில் கயிலைக்குச் செல்வோர் இமயத்தின் அடிவாரப் பகுதியிலுள்ள அல்மோராவிலிருந்து வாரக்கணக்கில் நடந்தே சென்றனர். நாளொன்றுக்குச் சில மைல் நடை, இரவில் சத்திரம், மழை வந்தால் தங்கல். அந்தத் தாமதமே அவர்களுக்கு மருந்தாயிற்று. கால் நடக்க நடக்க உடம்பும் மெல்ல மெல்ல இசைந்துகொண்டது.

இன்றோ, கடல்மட்டத்திலிருந்து 150 மீற்றரளவே உயர்ந்த நேபாள்கஞ்ச் நகரில் விமானமேறுவோர், சிமிகோட்டில் ஹெலிகொப்டர் மாறி, வானிலை இசைந்தால் மிகச் சில மணி நேரத்தில் 3,600 மீற்றருக்கு மேலுள்ள ஹில்சாவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பஸ்ஸில் திபெத்துக்குட் புகுந்து, இரண்டொரு நாளில் மானசரோவர்க் கரையை அடைகின்றனர். நம் பாட்டன்மார் வாரக்கணக்கில் ஏறிய உயரத்தை நாம் நாலைந்து நாளில் ஏறிவிடுகிறோம். வாகனம் விரைவாயிற்று, உடம்பின் வேகம் மாறவில்லை.

இன்னுமொரு சங்கடம் உண்டு. நம் நாட்டு மலைகளில் ஏறியவர் சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடலாம். திபெத்தோ பரந்த மேட்டுநிலம். நெடுந்தூரம் சென்றாலும் தாழ்ந்த இடம் கிடைப்பதரிது. நேபாளப் பக்கம் திரும்புவதாயின் வானிலை தடுக்கும். 2018ஆம் ஆண்டு யூலையில் தமிழ்நாட்டவர் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் மழையாலும் முகிலாலும் விமானமின்றிச் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் திபெத் எல்லையிலும் நாட்கணக்கிற் சிக்கிக்கொண்டனர். அந்நாட்களில் உயிரிழந்தோரும் உண்டு.

“உகந்தைமலை கடந்து, காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்ற கால் இது, எனக்கென்ன பயம்?” என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே உளர். அந்தக் கால்களின் வலிமையை நாமும் வணங்குகிறோம். ஆயினும் கதிர்காம வழி தாழ்நிலத்து வழி. வெயிலையும் தாகத்தையும் தாங்கும் வலிமை வேறு. ஐதான காற்றுக்கு இசைந்துகொடுக்கும் தன்மை வேறு. தேகப்பயிற்சி மலைநோயைத் தடுப்பதில்லை. வலிய இளைஞர் விரைந்து ஏறுவதால் அவர்களே முதலில் நோய்ப்படுதலும் உண்டு. 2016ஆம் ஆண்டில் எவரெஸ்டின் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால. அவ்வாறு சிகரமேறுவோர் எல்லாரும் பல வாரங்களை உடம்பைப் பழக்குவதற்கே செலவிடுகின்றனர்.

யாது செய்தல் வேண்டும்?

பணம் கட்டுமுன் யாத்திரைக் குழு நடத்துவோரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். எந்த உயரத்தில் எத்தனை இரவு தங்கல்? நடுவில் ஓய்வுநாள் உண்டா? கூடவே வைத்தியர் வருவாரா? பெரிய ஒட்சிசன் உருளை உண்டா? நோயாளியை இறக்குவதற்கு எந்நேரமும் வாகனம் உண்டா? தெளிவான விடை கிடையாவிட்டால் வேறு குழுவைத் தேடுதல் நன்று. கட்டணம் குறைந்த பயணத்திற் பெரும்பாலும் குறைக்கப்படுவன தங்கும் நாட்களே.

3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒருநாள் தங்கி ஓய்வெடுக்கவேண்டும் என்பது வைத்தியர் வகுத்த பொதுவிதி. இருதய நோய், சுவாசநோய், நீரிழிவு உடையோர் புறப்படுமுன் தம் வைத்தியரைக் கண்டு அறிவுரை பெறவேண்டும். மலைநோயைத் தடுக்க அசற்றசோலமைட் என்னும் மாத்திரை உண்டு. ஏறுவதற்கு முதல்நாளே தொடங்குவது வழக்கம். சல்பா மருந்துகள் ஒவ்வாதவர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோனும், நுரையீரல் நோய்க்கு நிபெடிப்பினும் கொடுப்பர். நோயாளியை உள்ளே கிடத்திக் காற்றடித்து அமுக்கத்தை உயர்த்தும் பையும் உண்டு. இவையெல்லாம் இறங்கும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும் கைகள். உண்மையான மருந்து கீழே இறங்குவதே. முந்நூறு முதல் ஆயிரம் மீற்றர் வரை இறங்கினால், சாகும் நிலையிலிருந்தவரும் பெரும்பாலும் தேறக் காணலாம்.

பச்சைக்கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு இலேசாவது போலத் தோன்றும். ஆனால் அது ஒட்சிசனைக் கூட்டுவதில்லை. கைக்கடக்கமான ஒட்சிசன் தகரங்கள் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். உறக்கம் வரவில்லையென்று தூக்கமாத்திரை உட்கொள்வதும், குளிருக்கென்று மதுவருந்துவதும் மூச்சைத் தாழ்த்திக் கேட்டைப் பெருக்கும். தலையிடி நீங்காதவர் ஓரடியும் மேலே ஏறலாகாது.

யாவற்றினும் முக்கியமானதொன்று உண்டு. மூளையை நோய் பற்றும்போது நோயாளியின் பகுத்தறிவு முதலில் போகிறது. “எனக்கொன்றுமில்லை, நீங்கள் நடவுங்கள்” என்று அவர் சொல்வார், அச்சொல்லை நம்பலாகாது. குழுவினர்க்குத் தடையாகக் கூடாதென்று தலையிடியை மறைக்கும் தாய்மார் பலர். ஆதலால் இருவர் இருவராகச் சேர்ந்து, காலையும் மாலையும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். நோயாளியைத் தனியே விட்டுச் செல்லலாகாது. தனியே இறங்க அனுப்பவும் கூடாது. இருள் என்றும் குளிர் என்றும் விடியும்வரை காத்திருந்தால், அந்த விடியலை நோயாளி காணாமற் போகலாம்.

இறங்குதல் இழுக்கன்று

கயிலையின் அடிவாரம்வரை சென்று, வலம்வாராமல் திரும்புவதற்கு மனம் ஒப்பாது என்பது உண்மை. வாழ்நாட் சேமிப்பு, உறவினரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்ட பெருமை, கண்ணெதிரே தோன்றும் வெள்ளிமலை ஆகிய யாவும் மேலே ஏறு என்றே தூண்டும். ‘இங்கே இறந்தாலும் புண்ணியமே’ என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் திருநாவுக்கரசர் வரலாற்றைச் சிறிது நினைந்து பார்க்கவேண்டும்.

பெரியபுராணம் உரைப்பதை நாம் யாவரும் அறிவோம். கயிலையைக் காணப் புறப்பட்ட அப்பர் அடிகள் கால் தேய, கை தேய, மார்பு தேய, உருண்டும் புரண்டும் சென்றார். அப்போது இறைவன் முனிவர் வடிவில் தோன்றி, மானிட உடம்போடு செல்லற்கரிய இடம் இது, மீண்டு செல்க என்றான். அப்பர் உடன்படவில்லை. இறைவன் அவரை மேலே ஏற்றவுமில்லை, அங்கே மாளவிடவுமில்லை. அருகிலிருந்த தடாகத்தில் மூழ்கச் செய்து, காவிரிக்கரையிலுள்ள திருவையாற்றில், சமவெளியிலே, கயிலைக் காட்சியைக் கொடுத்தான்.

நமக்கும் அப்படிப்பட்ட கயிலைகள் அணித்தே உள்ளன. தட்சிண கைலாயம் என்று போற்றப்படும் திருக்கோணேச்சரம் கடலோரக் குன்றில் இருக்கிறது. கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீச்சரர் வீற்றிருக்கின்றார். அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தம் இருக்கிறது. வடகயிலைக்குச் செல்ல விரும்புவோர் செல்லுக. நாட்களைக் கூட்டிக்கொண்டு, மெல்ல ஏறி, கண்குளிரக் கண்டு வருக. வழியில் நோய் கண்டால், அன்றே, அந்நேரமே இறங்கிவிடுக. பாதி வழியில் திரும்பி வந்த தந்தையை, “ஏன் திரும்பினீர்கள், அப்பா?” என்று பிள்ளைகள் கேளாதிருப்பார்களாக. அவர் வீடு வந்து சேர்ந்ததற்கு மாமாங்கேச்சரர் சந்நிதியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, அவர் கண்டுவந்த மட்டில் இமயத்தின் கதையை முற்றத்தில் அமர்ந்து கேட்பார்களாக.